பங்குக் கோயில்

ஆங்கில நாவல்களைத் தமிழாக்குகிறவர்களை இடறும் சொற்களில் ஒன்று ‘பாரிஷ்’. ஜேன் ஆஸ்டின் எழுதினாலும் தாமஸ் ஹார்டி எழுதினாலும் கிராமம் என்று ஒன்று வந்தால் அதில் ஒரு சர்ச் இருக்கும். சர்ச் வந்தால் பின்னாலேயே பாரிஷும் வந்துவிடும். நம் கத்தோலிக்கர்கள் அதைப் ‘பங்கு’ என்கிறார்கள். சி.எஸ்.ஐ. சபையார் ‘சேகரம்’ என்பார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று நினைக்கும் மொழிபெயர்ப்பாளர் ‘மாதா கோயில்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். வாசகருக்கும் புரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் கிராமச் சர்ச்சுகளில் இருந்த மாதா சிலைகளைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே அரசாணை போட்டு அகற்றிவிட்டார்கள். சிலை போனாலும் பெயர் போகவில்லை. அந்நாட்டின் பழைய சர்ச்சுகளுக்கு இன்றும் அதிகமாக வழங்கும் பெயர் செயின்ட் மேரிதான்.

எனக்குப் பிடித்தது ‘பங்கு’. பாரிஷ் என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு ‘அண்டையில் குடியிருத்தல்’ என்பது போலப் பொருள். தமிழ்ச் சொல் அந்த மூலத்தைப் பின்பற்றவில்லை. ஆனால் விஷயத்தின் மையத்தைப் பிடித்துவிட்டது. யார் எவ்வளவு பங்கு கொடுத்தார்கள், யாருக்கு எந்தப் பங்கு கிடைத்தது, யார் பங்கைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் இங்கிலாந்துக் கிராமச் சர்ச்சின் ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு. கதீட்ரல் என்பது மன்னரும் பிஷப்பும் எழுதிய கணக்கு. கிராமச் சர்ச் ஊர் எழுதிய கணக்கு. அந்தக் கணக்கை இனி யார் எழுதுவது என்பதே இன்று அங்கே எழுந்திருக்கும் பிரச்சினை.

சர்ச் ஆஃப் இங்கிலாந்திடம் சுமார் 16,000 சர்ச்சுகள் உள்ளன. அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். இங்கிலாந்து அரசு மிக உயர்ந்த முதல் தரத்தில் பட்டியலிட்டுள்ள கட்டடங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் இந்தச் சர்ச்சுகளே. அரண்மனைகளும் பிரபுக்களின் மாளிகைகளும் மீதியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒரு நாட்டின் தலைசிறந்த கட்டடங்களில் பாதியளவு, பெயர் தெரியாத கிராமங்களில் ஆடு மேயும் புல்வெளிக்கு நடுவே நிற்பது எப்படி?

தொடக்கத்தில் எல்லாம் கிடைத்ததை வைத்துக் கட்டியவை. ரோமானியர் விட்டுச் சென்ற கோட்டைகள் இடிந்து கிடந்தன. அவற்றின் கல்லை எடுத்துச் சர்ச் கட்டினார்கள். எஸெக்ஸ் கடற்கரையில் பிராட்வெல் என்ற இடத்தில் 654ஆம் ஆண்டையொட்டி செட் என்ற துறவி எழுப்பிய சர்ச், ரோமானியக் கோட்டையின் கல்லாலும் செங்கல்லாலும் ஆனது. நிற்பதும் அந்தக் கோட்டைச் சுவரின் மேலேயேதான். வடக்கே டர்ஹம் மாவட்டத்தில் எஸ்கோம் சர்ச்சுக்கும் வயது ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல். ரோமானியப் படையின் ஆறாவது லீஜியன் பெயர் பொறித்த கல் அதன் சுவரில் இன்னும் இருக்கிறது. கல் கிடைக்காத ஊரில் மரம். கிரீன்ஸ்டெட் என்ற ஊரில் ஓக் மரத் துண்டுகளை நெடுக்காகப் பிளந்து வரிசையாக நட்டுச் சுவராக்கியிருக்கிறார்கள். மர வளையங்களை எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள் அது பதினோராம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். உலகில் இன்றும் நிற்கும் மரச் சர்ச்சுகளில் அதுவே மிகப் பழையது என்று கருதப்படுகிறது.

கட்டியவர் பெரும்பாலும் நிலக்கிழார். தன் நிலத்தில் தன் குடும்பத்துக்கும் குடியானவர்களுக்கும் என்று கட்டினார். கட்டினால் வருமானமும் உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைச் சர்ச்சுக்குத் தரவேண்டும் என்பது பத்தாம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் காலத்தில் சட்டக் கடமையாகிவிட்டது. இதுதான் தசமபாகம். எந்த வயலின் தசமபாகம் எந்தச் சர்ச்சுக்கு என்று எல்லை வகுக்க வேண்டியிருந்தது. பாரிஷ் எல்லைகள் உறுதிப்பட்டதில் பக்திக்கு இருந்த பங்கு நெல்லுக்கு இருந்தது போல, அங்கே கோதுமைக்கும் கம்பளிக்கும் இருந்தது.

கட்டடத்துக்குள் நுழைந்தால் இந்தப் பங்கீடு கண்ணுக்கே தெரியும். மேற்கே கோபுரம். அடுத்து மக்கள் கூடும் நீண்ட கூடம். அதற்கு ‘நேவ்’ என்று பெயர். கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் சிறிய பகுதி ‘சான்சல்’. நம் கோயிலில் மகாமண்டபமும் கருவறையும் போல என்று வைத்துக்கொள்ளலாம். சான்சலைப் பராமரிக்க வேண்டியவர் தசமபாகம் வாங்கும் ரெக்டர். கூடத்தைப் பராமரிக்க வேண்டியது ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குள் இந்த வழக்கம் இங்கிலாந்து முழுவதும் வேரூன்றிவிட்டது.

ஒரே கூரையின் கீழ் இரண்டு பொறுப்பாளர்கள் என்றால் என்ன ஆகும்? பல ஊர்களில் கூடம் உயர்ந்து விரிந்து ஜன்னல்களால் பளபளக்கும். சான்சல் மட்டும் பழைய குள்ள வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஊருக்கு வசதி வந்தபோது ஊர் தன் பங்கைப் புதுப்பித்தது. ரெக்டர் தன் பங்கைத் தொடவில்லை. பல இடங்களில் அந்த ரெக்டர் எங்கோ தொலைவில் இருந்த ஒரு மடம். தசமபாகத்தை வாங்கிக்கொண்டு, குறைந்த சம்பளத்துக்கு ஒரு விக்கரை அமர்த்திவிட்டு இருந்துவிடும். 

கூடம் ஊருடையது என்பது வெறும் பேச்சல்ல. பதினைந்தாம் நூற்றாண்டு வரை பெரும்பாலான சர்ச்சுகளில் பெஞ்சுகளே கிடையாது. பரந்த வெற்றுத் தரைதான். ஊர்க் கூட்டம் அங்கே நடந்தது. கணக்கு அங்கே படிக்கப்பட்டது. சர்ச்சின் பெயரால் பீர் காய்ச்சி விற்று, அந்த லாபத்தில் கூரையைப் பழுது பார்த்தார்கள். பீர் விற்றுக் கோயில் திருப்பணி செய்வது நமக்கு விநோதமாகத் தெரியலாம். அவர்களுக்கு அது திருவிழா.

கட்டடத்தின் வயதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. ஜன்னலையும் வளைவையும் பாருங்கள். அரைவட்ட வளைவு, தடித்த தூண், பல்பல்லாகச் செதுக்கிய விளிம்பு என்றால் 1066க்குப் பின் வந்த நார்மன் பாணி. வளைவு கூர்மையாகி ஜன்னல்கள் ஒல்லியாக நீண்டால் பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஜன்னலில் கல் கொடிபோல் வளைந்து நெளிந்தால் பதினான்கு. கோடுகள் எல்லாம் செங்குத்தாக மேலேறி, சுவரே கண்ணாடியாகிவிட்டால் அதற்கும் பிந்தியது. இந்தப் பாணிகளுக்கு இன்றும் வழங்கும் பெயர்களை 1817ல் சூட்டியவர் தாமஸ் ரிக்மன். லிவர்பூலில் கணக்கராக இருந்து கட்டடக் கலைஞரானவர். சர்ச் கட்டடமே வழிபாட்டுக்கு வேண்டியதில்லை என்று சொன்ன குவேக்கர் பிரிவில் பிறந்தவர்.

ஆனால் ஒரே சர்ச்சில் நான்கு பாணிகளும் இருக்கும். அங்கேதான் சுவாரசியம். நல்ல விளைச்சல் வந்த தலைமுறை ஒரு பக்கக்கூடத்தைச் சேர்க்கும். அடுத்த தலைமுறை ஜன்னலைப் பெரிதாக்கும். மண்ணும் தன் பங்கைச் சேர்த்தது. நார்ஃபோக்கில் கட்டடக் கல் கிடையாது; வயலில் கிடைப்பது சிக்கிமுக்கிக் கல். அதை வைத்து மூலை கட்டுவது கடினம் என்பதால் கோபுரத்தையே வட்டமாகக் கட்டிவிட்டார்கள் என்பது பரவலான விளக்கம். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டக் கோபுரங்கள் உள்ளன.

பிறகு 1348ல் கறுப்பு மரணம் என்ற கொள்ளைநோய் வந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இரண்டே ஆண்டுகளில் அழிந்தது. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஷ்வெல் என்ற ஊரின் சர்ச் கோபுரத்துச் சுவரில் யாரோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள். 1350ல் கொள்ளைநோய்க்குத் தப்பிப் பிழைத்த மக்களின் அவலத்தையும், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அடித்த பெரும் புயலையும் அது சொல்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. அரசவைக் குறிப்பேடுகளில் இடம் கிடைக்காத ஒருவருக்கு ஊர்ச் சுவர் இடம் கொடுத்தது.

ஆள் குறைந்ததும் கூலி உயர்ந்தது. உழவு செய்ய ஆளில்லாத நிலத்தில் ஆடு மேய்ந்தது. ஆட்டு ரோமம் பணமாயிற்று. அந்தப் பணம் கட்டிய கட்டடங்களுக்கு ‘கம்பளிச் சர்ச்சுகள்’ என்றே பெயர். நார்த்லீச் சர்ச்சின் தரையில் கம்பளி வியாபாரிகளின் உருவங்கள் பித்தளைத் தகட்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. வீரர்களின் சமாதியில் காலடியில் சிங்கம் இருக்கும். இவர்கள் காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும். ஃபேர்ஃபோர்டில் 28 ஜன்னல்கள். அத்தனையிலும் 1500ஐ ஒட்டிய காலத்து வண்ணக் கண்ணாடி. அந்தச் சர்ச்சைப் புதுப்பித்துக் கட்டியவர் ஜான் டேம் என்ற கம்பளி வியாபாரி. லாங் மெல்ஃபோர்டில் பணம் கொடுத்தவர்கள் தங்கள் பெயர்களை வெளிச்சுவரைச் சுற்றிலும் பொறித்து, தங்கள் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்கும்படி வழிப்போக்கரை வேண்டியிருக்கிறார்கள். நம் ஊரில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒருமுறை அதைப் பார்க்கலாம்.

ஐம்பது ஆண்டுகளில் அந்த வேண்டுகோளே சட்டவிரோதமாகிவிட்டது. இறந்தவர்களுக்காகப் பிரார்த்திப்பது மூடநம்பிக்கை என்றது புதிய மதக் கொள்கை. எட்டாம் ஹென்றி 1530களில் ரோமுடன் உறவை முறித்தார். 1547ல் அவர் மகன் ஆறாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்ததும் சிலை, ஓவியம், மெழுகுவர்த்தி, பூசை எல்லாவற்றுக்கும் தடை விழுந்தது.

மேலிருந்து பார்த்தால் இது மன்னர்களின் வரலாறு. கீழிருந்து எப்படி இருந்தது? டெவன் மாவட்டத்தில் மோர்பத் என்ற மலைக் கிராமம் அதைச் சொல்கிறது. மொத்தம் முப்பத்துமூன்று குடும்பங்கள். பாதிரியார் கிறிஸ்டோபர் டிரைக்கே. 1520ல் அங்கே வந்தவர் 1574ல் சாகும் வரை அங்கேயே இருந்தார். அந்த ஐம்பத்துநான்கு ஆண்டுகளும் ஊர்க் கணக்கைத் தன் கையாலேயே எழுதி, மக்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அந்தக் கணக்கேடு தப்பிப் பிழைத்தது. வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி அதை வைத்து 2001ல் ஒரு நூலே எழுதினார்.

சர்ச்சுக்குச் சொந்தமாக ஆடுகள் இருந்தன. அவற்றை வீட்டுக்கு வீடு பிரித்து வளர்க்கக் கொடுத்தார்கள். ரோமம் விற்ற காசு புனிதர்களின் விளக்குக்குப் போயிற்று. இறந்தவர்களுக்கான பூசையில் அணியக் கறுப்பு உடுப்பு ஒன்று வேண்டும் என்று பாதிரியாருக்கு ஆசை. ஏழை ஊர். சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள். உடுப்பு வந்து சேர்ந்தது 1547ல். அந்தப் பூசைக்கே தடை வந்ததும் அப்போதுதான்.

பிறகு கணக்கேட்டில் வரவு குறைந்து செலவு மட்டும் ஏறுகிறது. ஆடுகள் போயின. விளக்குகள் போயின. சர்ச்சின் பொருட்களை விற்றுச் செலவு செய்தார்கள். 1549ல் மேற்குப் பகுதி மக்கள் புதிய பிரார்த்தனைப் புத்தகத்தை எதிர்த்துக் கலகம் செய்தபோது, எக்ஸெட்டர் நகரை முற்றுகையிட்டிருந்த முகாமுக்கு இந்த ஊரும் ஐந்து இளைஞர்களைப் பணம் கொடுத்து அனுப்பியது. கணக்கேட்டில் அந்தச் செலவு இருக்கிறது. கலகம் நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1553ல் கத்தோலிக்க அரசி மேரி வந்ததும், ஊர்மக்கள் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த சர்ச் பொருட்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஐந்தே ஆண்டுகள். 1558ல் எலிசபெத் வந்தார். மறுபடி எல்லாம் தலைகீழ். டிரைக்கே கணக்கெழுதுவதை நிறுத்தவில்லை. கொள்கை மாறிக்கொண்டே இருந்தது. கூரைக்கு ஓடு மாற்றும் செலவு மாறவில்லை.

மீதியை அடுத்த நூற்றாண்டின் உள்நாட்டுப் போர் பார்த்துக்கொண்டது. 1643-44ல் வில்லியம் டௌஸிங் என்பவர் நாடாளுமன்றப் படையின் அதிகாரத்தோடு சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் இருநூற்றைம்பது இடங்களுக்குக் குறையாமல் சென்று, மிஞ்சியிருந்த உருவங்களை உடைக்கவைத்தார். அதை நாட்குறிப்பாகவும் எழுதி வைத்தார். பல ஊர்களில் தன் வருகைக்காக ஆறு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கட்டணமும் வசூலித்தார். உடைப்பதற்கும் ஊர்தான் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் டௌஸிங் மேல் செய்யாத குற்றமும் விழுந்திருக்கிறது. பிளைத்பர்க் சர்ச்சின் உத்தரத்தில் இறக்கை விரித்த மரத் தேவதைகள் உண்டு. அவற்றில் ஈயக் குண்டுகள் பாய்ந்திருந்தன. டௌஸிங்கின் ஆட்கள் சுட்டது என்றே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். பின்னாளில் பழுது பார்த்தபோது குண்டுகளைச் சோதித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் குண்டுகள். சர்ச் கணக்கிலும் விடை இருந்தது: உள்ளே கூடு கட்டிய காக்கைகளைச் சுட, வெடிமருந்து வாங்கிய செலவு!

அழிக்க நினைத்தவர்கள் காப்பாற்றியதும் உண்டு. சஃபோக்கில் வென்ஹாஸ்டன் சர்ச்சில் சான்சல் வளைவை மறைத்து வெள்ளையடித்த பழைய பலகைகள் இருந்தன. 1892ல் திருப்பணி நடந்தபோது குப்பை என்று கழற்றி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டுவிட்டார்கள். இரவு மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்தது. காலையில் பார்த்தால் பலகையில் இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம். தராசு, சாத்தான், ஆடையின்றி எழுந்து வரும் ஆன்மாக்கள். மன்னருக்கும் பிஷப்புக்கும் தலையில் கிரீடம் மட்டும் மிச்சம். 1480ஐ ஒட்டி வரைந்தது. நடுவே மூன்று வெற்றிடங்கள். சிலுவையும் மாதாவும் யோவானும் நின்ற இடங்கள். சிலைகளைப் பிடுங்கியவர்கள் நிழலை விட்டுவிட்டார்கள். வெள்ளையடித்தவர் ஓவியத்தை மூன்றரை நூற்றாண்டு பத்திரப்படுத்திக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையே சர்ச் இன்னொரு வேலையும் செய்தது. 1538ல் தாமஸ் கிராம்வெல் போட்ட ஆணைப்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு கையுறை வியாபாரியின் மகனுக்கு 1564 ஏப்ரல் 26ல் ஞானஸ்நானம் என்ற பதிவு இல்லாவிட்டால், ஷேக்ஸ்பியரின் பிறந்த காலம் நமக்குத் தெரிந்திருக்காது. 1601 முதல் ஏழைகளுக்கு உதவ வரி வசூலித்ததும் பாரிஷ்தான். அந்தப் பங்கீட்டிலும் கசப்பு உண்டு. வேறு ஊர் ஏழை வந்தால் துரத்துவார்கள். சர்ச்சுக்கே வராத மாற்றுப் பிரிவினரும் சர்ச் வரி கட்ட வேண்டும். 1839ல் செல்ம்ஸ்ஃபோர்டில் ஜான் தொரோகுட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி மறுத்துச் சிறைக்குப் போனார். 1868ல்தான் அந்தக் கட்டாயம் ஒழிந்தது. 

இங்கிலாந்துக்காரர்கள் வெளியே போனபோதும் இந்த அமைப்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் சர்ச் 1678ல் ஆளுநர் ஸ்ட்ரைன்ஷாம் மாஸ்டர் காலத்தில் தொடங்கி 1680ல் பிரதிஷ்டையானது. கோட்டையில் இருந்தவர்கள் சந்தா போட்டுக் கட்டினார்கள். கோட்டை என்பதால் பீரங்கிக் குண்டைத் தாங்கும் வளைவுக் கூரை. அது மட்டும்தான் புதுமை. பதிவேடு வழக்கம்போல. 1680ல் எலிஹு யேல், 1753ல் ராபர்ட் கிளைவ் திருமணங்கள் அதில் உள்ளன. வேலை தொடங்கியது மாதாவின் திருநாளான மார்ச் 25ல். அதனால் பெயர் செயின்ட் மேரி. அங்கேயும் ஒரு மாதா கோயில்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சர்ச்சுகளுக்கு அன்பினால் ஆபத்து வந்தது. தொழிற்புரட்சிப் பணம் கொழித்த விக்டோரியா காலம். பதின்மூன்றாம் நூற்றாண்டே புனிதமான காலம் என்று முடிவு செய்த கட்டடக் கலைஞர்கள் பிந்திய நூற்றாண்டுகளின் சேர்க்கைகளைக் கழித்துக் கட்டினார்கள். காரையைச் சுரண்டிக் கல்லை வெளியே காட்டினார்கள். காரையோடு ஓவியமும் போயிற்று. இதைப் பொறுக்காத கவிஞர் வில்லியம் மாரிஸ் 1877ல் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். செல்லப் பெயர் ‘சுரண்டல் எதிர்ப்பு’. அவர் வாதம் எளிது: பழைய நிலைக்கு மீட்கிறேன் என்பது பொய், எந்தப் பழைய நிலைக்கு? ஒழுகினால் ஒழுகலை அடையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். சீர்திருத்தக்காரர் கையில் தப்பிய பலவும் திருப்பணிக்காரர் கையில் தப்பவில்லை என்பதைப் பார்த்தால், மாரிஸ் சொன்னது சரி என்றே தோன்றுகிறது.

ஆனால் இன்றைய பிரச்சினை சுரண்டுவதல்ல, ஆளில்லாமை. 2024ல் சர்ச் ஆஃப் இங்கிலாந்தின் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தோர் நாடு முழுவதும் சராசரியாக ஏழு லட்சத்துக்கும் குறைவு. 16,000 கட்டடங்களுக்கு வகுத்துப் பாருங்கள். கிராமத்தில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் முதியவர்கள். தலைமைச் சர்ச்சின் முதலீட்டு நிதி 10 பில்லியன் பவுண்டுக்கு மேல். என்றாலும் கட்டடப் பராமரிப்பு அந்தந்த பாரிஷின் பொறுப்பு என்ற பழைய விதி மாறவில்லை. அரசும் நிரந்தரமாக எதுவும் தருவதில்லை. பழுது வேலைக்குக் கட்டிய வாட் வரியைத் திருப்பித் தரும் திட்டம் ஒன்று 2001ல் வந்தது. 2025ல் அதற்கும் ஒரு கட்டடத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்ட் என்று உச்சவரம்பு விழுந்தது. ஈயக் கூரையைத் திருடுகிறவர்கள் வேறு. 

பழைய பங்கீடு எவ்வளவு விபரீதமாகத் திரும்ப முடியும் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. ரெக்டர்தானே சான்சலைப் பராமரிக்க வேண்டும்? மடங்கள் ஒழிக்கப்பட்டபோது அவற்றின் நிலம் தனியார் கைக்குப் போயிற்று. பொறுப்பும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போயிற்று. பரம்பரையாக வந்த பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதிக்கு, சான்சல் பழுதுச் செலவு உங்களுடையது என்று நோட்டீஸ் வந்தது. வழக்கு பிரபுக்கள் சபை வரை போயிற்று. 2003ல் தீர்ப்பு: கட்டத்தான் வேண்டும். தொகை கிட்டத்தட்ட ஒரு லட்சம் பவுண்ட். பிறகு இன்னும் ஏறியது. தசமபாகம் ஒழிந்தும், அதற்கு ஈடான கடமை மட்டும் பூதம்போல் நிலத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பிறகே, 2013 அக்டோபருக்குள் நிலப் பதிவேட்டில் ஏற்றாவிட்டால் புதிதாக நிலம் வாங்குவோரை அது கட்டுப்படுத்தாது என்று விதி வந்தது.

இது நியாயமில்லை என்று யாரும் சொல்வார்கள். ஆனால் நியாயமான பங்கீடு எது? சர்ச்சுக்கே போகாதவர்கள் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் புகைப்படத்துக்கும் அதைத் தேடுகிறார்கள். மூடப்போகிறோம் என்றால் ஊரே கொதிக்கிறது. கூரைக்கு நிதி கேட்டால் பத்துப் பேர் மிஞ்சுகிறார்கள். எல்லாருக்கும் சொந்தமானதற்கு யாரும் பொறுப்பில்லை என்பது எல்லா நாட்டிலும் உள்ள வியாதி.

மூடப்பட்டவற்றைக் காக்க 1969ல் தொடங்கிய அறக்கட்டளையின் வசம் இன்று 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகள். அனைத்தையும் அதுவே தாங்க முடியாது, அருங்காட்சியகமாக்குவதும் தீர்வல்ல. சில ஊர்கள் வேறு வழி பார்க்கின்றன. கூடத்தின் ஒரு மூலையில் தபால் நிலையம், இன்னொரு மூலையில் மளிகைக் கடை, டீ. ஒரு மரபுவாதி முகம் சுளிக்கலாம். கூடம் என்பது ஊர்க் கூட்டமும் பீர்த் திருவிழாவும் நடந்த இடம் என்று தெரிந்தவர் சுளிக்க மாட்டார். பெஞ்சுகளை எடுத்துவிட்டுத் தபால் பெட்டி வைப்பதால் போவது விக்டோரியா காலத்து அமைப்பு. திரும்பி வருவது அதற்கு முந்திய பழக்கம்.

யார்க்ஷயரில் வாரம் பெர்ஸி என்ற கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. 1950 முதல் நாற்பது ஆண்டுகள் அகழ்ந்தார்கள். ஊர் பெருகியபோது சர்ச்சுக்குப் பக்கக்கூடங்கள் முளைத்தன. ஊர் சுருங்கியபோது அவற்றை இடித்து வளைவுகளைக் கல் வைத்து அடைத்தார்கள். ஆட்டுக்காக ஆளை வெளியேற்றிய பிறகு ஊரே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போனதால் சர்ச் மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப் பிடித்தது. கடைசி வழிபாடு 1949ல். பத்தே ஆண்டுகளில் கோபுரம் பாதி சரிந்தது.

நானூறு ஆண்டு, பத்து ஆண்டு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. கூரை விளிம்பில் மழைநீர் வடியும் கால்வாயில் இலை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் நீர் சுவருக்குள் இறங்கும். உத்தரம் உளுக்கும். பிறகு லட்சம் பவுண்ட் தேவைப்படும். மாரிஸ் தொடங்கிய சங்கம் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: இலையுதிர் காலம் முடிந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள். அரை நாள் வேலை. ஒவ்வொரு நவம்பரிலும் 16,000 சர்ச்சுகளில் யாராவது ஒருவர் ஏறியாக வேண்டும். ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கீழே இன்னொருவரும் வேண்டும்.